இந்த ஊதாப் பூ வாடினால் என்ன செய்யும் தெரியுமா?

[காட்சி: குளம் முழுக்க ஊதாப் பூ]

வணக்கம் மக்களே! ரீல்ஸ் எடுக்க அருமையான இடம் என்றுதானே தோன்றுகிறது? பூ வாடியதும் என்ன நடக்கும் என்று தெரிந்தால் போனை வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கிவிடுவீர்கள்.

நாம் நிற்பது மன்னார்குடி பக்கத்து ஊர்க்குளம். செடியின் பெயர் ஆகாயத்தாமரை. சொந்த ஊர் அமேசான். அழகுக்காகக் கொண்டுவந்தார்கள், ஆறு குளமெல்லாம் பரவிவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

[காட்சி: கையில் ஒரு செடி]

டெல்டாவில் இதை வெங்காயத்தாமரை என்பார்கள். ஏன் என்று இந்தக் காம்பைப் பாருங்கள், வெங்காயம் மாதிரி உப்பியிருக்கிறது. அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். பிளேடால் வெட்டுகிறேன்... உள்ளே அத்தனையும் காற்றறை! இதுதான் மிதவை. பக்கத்தில் ஓடும் தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி, அதற்கும் வேர் வந்துவிட்டது. தண்டு அறுந்தால் அது தனிக்குடித்தனம். நல்ல வெயிலும் வயல் உரம் கலந்த நீரும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும்.

இப்போது பூ. வாடியதும் காம்பு அப்படியே வளைந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்ளும். விதை சேற்றில் இறங்கிவிடும். 15, 20 வருடம் கழித்தும் முளைக்கும்! கரையில் விளையாடும் அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் கல்யாணம் முடித்து வரும்போதும் இந்த விதை காத்திருக்கும். எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

இதன் இலையைத் தின்னும் கூன்வண்டுகளை 1983லேயே இந்தியாவில் விட்டார்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இங்கே ஊர்க்காரர்கள் கையாலேயே எடுக்கிறார்கள். நைலான் கயிற்றைக் குறுக்கே போட்டு, பாய் சுருட்டுவது போலக் கரைக்கு இழுக்கிறார்கள். பத்துக் கிலோ செடியில் ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீர்தான், தோள் கழன்றுவிடும். முதல் தடவை கரையோரமே குவித்தார்களாம். கயிறு பிடித்த மாமா ஒருவர் சொன்னார்: "ராத்திரி மழை பேஞ்சுது தம்பி, காலையில பாதி திரும்பக் குளத்துல மிதக்குது." இப்போது தள்ளியிருக்கும் திடலுக்குச் சுமந்துபோய்க் காயவைக்கிறார்கள்.

முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். அப்புறம் ஞாயிறுதோறும் வந்து, விட்டுப்போன குட்டிகளைப் பொறுக்குவது நாலு பேர். குளத்தைக் காப்பாற்றுவது அந்த நாலு பேர்தான், அடித்துச் சொல்வேன். ஒரு குட்டி தப்பினாலும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது மதகை அடைத்தால் சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும்.

சரி, உங்கள் ஊர்க் குளத்தில் பூ வந்துவிட்டதா, இன்னும் இலைதானா? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். இலைதான் என்றால் இந்த ஞாயிறே இறங்கிவிடுங்கள், கயிறு மட்டும் நீளமாக எடுத்துப் போங்கள்.