திருநெல்வேலி கழித்தல் அலிபாக்: வானத்து மின்னோட்டத்தைத் தரையிலிருந்து அளக்கும் கணக்கு

[திரை: இந்திய வரைபடம். தென்முனையைக் கிழக்கு மேற்காக ஒரு கோடு கடக்கிறது.]

குரல்: திருநெல்வேலியில் பகல் பதினொரு மணி. தலைக்கு மேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அகலம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இதன் பெயர் எலக்ட்ரோஜெட். காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டித்தான் இது இருக்கும். அந்தக் கோடு அருகில் இருந்ததால்தான் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது. அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. பின்னாளில் காந்தமானியோடு போன ராக்கெட்டுகள் இந்த மின்னோட்டத்துக்குள்ளேயே புகுந்து அளந்தன. ஆனால் ராக்கெட் அங்கே இருப்பது சில நிமிடம். ஆண்டு முழுக்க அளவு வேண்டுமென்றால் தரையில் உள்ள காந்தமானிதான் கதி.

[திரை: அயனி மண்டலத்தின் (எலக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு) குறுக்குவெட்டு. மேல் விளிம்பில் எதிர்மின், கீழ் விளிம்பில் நேர்மின்.]

குரல்: அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் மின்னோட்டம் ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது? பகலில் அங்கே கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் இருக்கிறது. காந்தப்புலம் வடக்கு நோக்கி. இரண்டும் சேர்ந்து எலக்ட்ரான்களை மேலே தள்ளுகின்றன. கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளில் மோதி மோதி நின்றுவிடுகின்றன. மேலே எதிர்மின்னும் கீழே நேர்மின்னும் தேங்க, கீழிருந்து மேலாக ஒரு புதிய மின்புலம் உருவாகிறது. முதலில் இருந்ததைவிட இது பல மடங்கு பெரியது. இது எலக்ட்ரான்களை மேற்கே ஓட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே. காந்தப்புலக் கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் தேங்கிய மின்னூட்டம் அந்தக் கோடு வழியே வடிந்துவிடும். பட்டை குறுகலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

[திரை: இரண்டு புள்ளிகள். திருநெல்வேலி, அலிபாக்.]

குரல்: இனி கணக்கு. திருநெல்வேலியிலும், வடக்கே மும்பைக்கு அருகில் உள்ள அலிபாக்கிலும் காந்தப்புலத்தை அளக்கும் நிலையங்கள் உண்டு. திருநெல்வேலியில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு, அதாவது எச், சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). எலக்ட்ரோஜெட் அதில் சேர்ப்பது சில பத்துகள், நல்ல நாளில் நூறுக்குப் பக்கம். முதலில் இரவு அளவைக் கழிக்கிறோம், ஏனென்றால் இரவில் இந்த மின்னோட்டம் இல்லாத மாதிரிதான். மிச்சத்திலும் பிற மின்னோட்டங்களின் பங்கு கலந்திருக்கும்: உலகளாவிய பகல்நேர மின்னோட்டம், பூமியைச் சுற்றி வெகு தொலைவில் ஓடும் வளைய மின்னோட்டம். இவை அலிபாக்கிலும் பதிவாகும். எலக்ட்ரோஜெட் அவ்வளவு வடக்கே எட்டாது. ஆகவே திருநெல்வேலியில் இரவைவிட 95 கூடுதல், அலிபாக்கில் 40 கூடுதல் என்றால், எலக்ட்ரோஜெட்டின் பலம் 55 நானோடெஸ்லா. பூமிக்குள் தூண்டப்படும் மின்னோட்டத்தின் பங்கும் இந்த 55-க்குள் இருக்கிறது என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

கழித்தல் எளிது. பெரும்பாலும் தவறு நடப்பது அந்த இரவு அளவில்தான்.

[திரை: நேரக்கோடு. உலக நேரம் மேலே, உள்ளூர் நேரம் கீழே.]

குரல்: தரவுக் கோப்பு உலக நேரத்தில் (யுடி) இருக்கும். திருநெல்வேலியின் சூரிய நேரம் அதைவிட 5 மணி 11 நிமிடம் முன்னால், அலிபாக் 4 மணி 52 நிமிடம் முன்னால். இரவு 11 முதல் அதிகாலை 3 வரை சராசரி எடுக்கிறீர்கள் என்றால், அது திருநெல்வேலிக்கு உலக நேரம் 17:49 முதல் 21:49 வரை. ஆக, இன்றைய பகலுக்கு முந்திய இரவு நேற்றைய கோப்பில் கிடக்கிறது! இன்றைய கோப்பிலேயே எடுத்தால் பகலுக்குப் பிந்திய இரவு வந்துவிடும். அமைதியான நாளில் பெரிய வித்தியாசம் தெரியாது. காந்தப்புயல் தணிந்துவரும் நாளில் எச் நாள் முழுக்க மெல்ல ஏறும். அப்போது இரண்டு இரவுகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைக் கழிப்பது நல்லது.

அடுத்தது, விடுபட்ட நிமிடங்கள். கோப்பில் அவை 99999 என்று நிரப்பப்பட்டிருக்கும். நீக்காமல் சராசரி எடுத்தால், 240 நிமிடத்தில் ஒன்றே ஒன்று இருந்தாலும் இரவு அளவு ஏறக்குறைய 250 நானோடெஸ்லா எகிறும். தேடும் அளவைவிடப் பிழை பெரிது. சில நிலையங்கள் எச் தராமல் அதன் வடக்குக் கூறான எக்ஸ், கிழக்குக் கூறான ஒய் தரும். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்.

கருவிக்கும் தொல்லை உண்டு. ஃப்ளக்ஸ்கேட் வகைக் காந்தமானி காட்டும் அளவு வெப்பநிலை மாறினால் நகரும். பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றால் வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு தாவல் விழும். மின்சாரம் இன்னும் மோசம்: பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால்தான் கொலாபாவின் காந்த ஆய்வகம் 1904-இல் அலிபாக்குக்குப் போனது. தாவலை நிரல் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு நிலையங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, ஒவ்வொரு நாளையும் கண்ணால் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 365 படம். பார்க்க முடிந்த அளவுதான்.

[திரை: பிற்பகலில் சுழிக்குக் கீழே இறங்கும் வளைகோடு.]

குரல்: சில நாள்களில் விடை எதிர்க்குறியில் வரும். உடனே பிழை என்று தூக்கி எறியாதீர்கள். மின்னோட்டம் உண்மையிலேயே மேற்கே திரும்பியிருக்கலாம். இதற்கு எதிர் எலக்ட்ரோஜெட் என்று பெயர். 2009 ஜனவரியில் துருவத்து அடுக்குமண்டலம் திடீரென்று சூடேறியபோது, வெகு தொலைவில் உள்ள நடுக்கோட்டிலும் பிற்பகலில் இப்படித் திரும்பியது.

உறுதி செய்ய இரண்டு சோதனைகள். திருநெல்வேலியின் எச் தனியாகவே இரவு அளவுக்குக் கீழே இறங்கியதா? காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஓர் அயனோசோண்டின் (ரேடியோ அலையை மேலே அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவி) பதிவில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் தெரியும் சிதறல் எதிரொலி அதே நேரத்தில் மறைந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த நாளைத் தனிப் பட்டியலில் சேருங்கள். முதலாவது மட்டும் ஆம், பூமியின் காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் கேபி குறியீடும் 3-க்கு மேல் என்றால், புயல் வேலையாக இருக்கலாம்; அமைதி நாள்களோடு கலக்காதீர்கள்.