தனி ஜெபமா, கூடி ஜெபமா? - கூடி ஜெபமே என்ற அணியின் பேச்சு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற தம்பிமாரே, அசனச் சாப்பாடு முடிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

விசுவாசியை அதிகமாகத் தாங்குவது தனி ஜெபமா, கூடி ஜெபமா என்பது தலைப்பு. முதலில் பேசிய தம்பி மத்தேயு 6-ஐத் திறந்து, அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் ஆண்டவர்தானே, அப்புறம் எதற்கு வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாகக் கூட்டம் என்று கேட்டார். சரி தம்பி, அதே அதிகாரத்தில் இன்னும் மூன்று வசனம் தள்ளி வாசியுங்கள். "எங்கள் பிதாவே" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார். எங்களுக்கு வேண்டிய ஆகாரம், எங்கள் கடன்கள், எங்களை இரட்சித்துக்கொள்ளும். "என்" என்று ஒரு இடத்திலாவது வருகிறதா? கதவைப் பூட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக முழங்கால் போட்டாலும் வாயில் வருவது "எங்கள்"தான். அறைவீட்டுக்குப் போகச் சொன்னது, நாலு பேர் பார்க்க வேண்டும் என்று வீதிச் சந்தியில் நின்று ஜெபித்த மாயக்காரரைக் காட்டி. பாயில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிற எங்களைக் காட்டி அல்ல.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். அதுவரைக்கும் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவள் நான். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, முழங்கால் போட்டால் எதிரே சுவர் மட்டும்தான் இருந்தது, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஏழெட்டு அக்காமார் வந்திருந்தார்கள். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. ஒரு அக்கா நேரே அடுப்படிக்குப் போய், கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாங்க கேக்கோம், நீ ஆமென் மட்டும் சொல்லு, போதும்" என்றார். இரண்டு வாரம் அந்த ஆமென்கூட என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வாரம் வந்தது.

யாத்திராகமம் 17-ல், கீழே யுத்தம் நடக்கும்போது மலையுச்சியில் உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோகின்றன; கை தாழ்ந்தால் ஜனங்கள் தோற்பார்கள். உட்கார ஒரு கல்லை எடுத்துப் போட்டு, ஒரு பக்கம் ஆரோனும் மறுபக்கம் ஊர் என்பவரும் சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் அந்தக் கைகளைத் தாங்கி நிற்கிறார்கள். மோசேக்கே ஆள் தேவைப்பட்டது ஐயா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருஷம் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். தனியாக ஜெபித்தேன், ஆண்டவர் சமாதானம் தந்துவிட்டார் என்று கூட்டத்தில் சொன்னேன். அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சமாதானம் வந்துச்சா, இல்ல யோசிச்சு யோசிச்சுக் களைச்சுப் போயிட்டியா?" என்று கேட்டார். களைப்புதான். தனியாக இருக்கும்போது என் ஆசை, என் பயம், தேவ சத்தம் மூன்றும் என் காதில் ஒரே குரலாகத்தான் கேட்கிறது. பிரித்துச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். வீட்டை விற்கவில்லை. எதிரணித் தம்பி தானியேல் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தைச் சொன்னார், பலகணியைத் திறந்து வைத்துத் தினம் மூன்று வேளை தனியாக ஜெபித்தாரே என்று. உண்மைதான். ஆனால் 2-ஆம் அதிகாரத்தில், ராஜாவின் சொப்பனம் என்னவென்று தெரியாமல் தலை போகிற நிலை வந்தபோது, அதே தானியேல் வீட்டுக்குப் போய் மூன்று சிநேகிதரிடம் சொல்லிக் கூட ஜெபிக்க வைத்தார்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டு விஷயம் ஊர் சுற்றுகிறது என்றும் சொன்னார்கள். சுற்றுகிற இடம் உண்டு, மறுக்க மாட்டேன், எனக்கும் அது வலிக்கிறது. பாயில் சொன்னது பாயோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் சட்டம்.

ஐந்து பேர் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1806-ல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் திறந்தவெளியில் ஜெபிக்கப் போனார்கள், இடியும் மழையும் வந்ததால் ஒரு வைக்கோல் படப்பின் ஓரத்தில் ஒதுங்கி அங்கேயே ஜெபித்தார்கள். அந்த ஜெபத்திலிருந்து 1810-ல் ஒரு மிஷன் சங்கம் எழும்பியது. அந்தச் சங்கத்தார் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்தார்கள். அவர்கள் அனுப்பி 1819-ல் இலங்கைக்குக் கப்பலேறிய டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்திதான் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். நம்மில் எத்தனை பேர் அங்கே போய்ப் பிழைத்து வந்திருக்கிறோம்!

கதவைப் பூட்டச் சொன்ன ஆண்டவர், பிடிபடுவதற்கு முந்தி கெத்செமனே தோட்டத்தில் சீஷர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டாரே. அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு. அவர் கேட்டார்.

மணி அடித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, நான் விற்காத அந்த வீட்டில்தான் கூட்டம். எதிரணித் தம்பிமார் மூன்று பேரும் வர வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம் தம்பி, ஆமென் மட்டும் சொன்னால் போதும்.