ஆடி ஆகாத மாசமா?

[காட்சி: மொட்டை மாடிக் கொடியில் படபடக்கும் துணிகள். காற்றுச் சத்தம்.]

கொடியில காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மாடியில கிடந்தா, காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். ஆடி பொறந்தாச்சு.

வணக்கம். ஜூலை நடுவுல ஆரம்பிச்சு ஆகஸ்ட் நடுவுல முடியுற மாசம் இது. கல்யாணம் கிடையாது. புது வீட்டுல பால் காய்ச்ச மாட்டாங்க. பொண்ணு பார்க்கக் கூப்பிட்டாலும் "ஆடி போகட்டும், ஆவணியில பேசிக்கலாம்"னு சொல்லிடுவாங்க. இதை வச்சே 'பீடை மாசம்'னு பேர் வச்சவங்களும் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

முதல்ல அந்தக் காத்து. 'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்'. அது அம்மி இல்ல, அம்மை நோய்னு ஒரு விளக்கம் வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்தும். கொஞ்சம் கூட்டிச் சொல்றதுதானே பழமொழி? அம்மி பறந்துட்டுப் போகட்டும், விடுங்க. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில முட்டி, மழையில பெரும்பங்கை அந்தப் பக்கமே கொட்டிடுது. நமக்கு வர்றது காத்துதான். மலைக்கு நடுவுல பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழினு கணவாய்கள் இருக்கு. ஊதுகுழல்ல ஊதின மாதிரி அந்தச் சந்துல புகுந்து வேகமெடுக்குது. ஆரல்வாய்மொழி பக்கத்துல முப்பந்தல்ல அத்தனை காற்றாலை நிக்கிறது சும்மா இல்ல.

[காட்சி: காவிரிப் படித்துறை. வாழை இலையில் காதோலை, கருகமணி, மஞ்சள், பழம்.]

அடுத்து ஆடி 18. நம்ம ஊர்ல பெருசா மழையே இல்லாத நேரத்துல ஆறு எப்படிப் பெருகுது? குடகு மலையில பெஞ்ச மழை இறங்கி வருது. பொண்ணுங்க காவிரிக்குக் காதோலை கருகமணி வச்சுக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாத்திக்குவாங்க. பசங்க குட்டிச் சப்பரம் கட்டி இழுத்துட்டுப் போவாங்க. மேட்டூர் அணை 1934-ல வந்ததுக்கு அப்புறம் பெருக்குக்கு மழை மட்டும் போதாது, மதகும் திறக்கணும். தண்ணி வராத வருஷத்துல படித்துறையில ஷவர் வச்சுக் குளிச்ச கதையும் நடந்திருக்கு.

தண்ணி வந்தா விதை. 'ஆடிப்பட்டம் தேடி விதை'. இந்த மாசத்துத் தூறல்ல முளைச்ச பயிர், ஐப்பசி கார்த்திகை அடைமழையில வளர்ந்து, தையில வீட்டுக்கு வரும். அம்மன் கோயில் முளைப்பாரியைக்கூட, விதை நல்லா முளைக்குதான்னு பார்க்குற சோதனைனு சொல்றது உண்டு. எனக்கு அது நியாயமாப் படுது.

இப்ப கல்யாண விஷயத்துக்கு வருவோம். ஆடி ஒண்ணுல தட்சிணாயனம் தொடங்குது, தேவர்களுக்கு ராத்திரி, அதான் சுபகாரியம் இல்லைனு சொல்வாங்க. சரி, தட்சிணாயனம் மார்கழி வரைக்கும் ஆறு மாசம். ஆவணியிலயும் ஐப்பசியிலயும் மண்டபம் கிடைக்க மாட்டேங்குதே? அப்போ காரணம் அது மட்டும் இல்ல. கையில இருந்த காசு விதைக்குப் போயிடும், வீட்டாளுங்க வயலுக்குப் போயிடுவாங்க. பந்தி பரிமாற யார் இருக்கா?

புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சுக்கிற பழக்கத்துக்கு வேற கணக்கு. ஆடியிலிருந்து விரல் விட்டு எண்ணுங்க, பத்தாவது விரல் சித்திரையில நிக்கும். கத்திரி வெயில்ல பிரசவம் வேண்டாம்னுதான். கூட்டம் இல்லாத கடைக்காரங்க கண்டுபிடிச்ச மருந்து ஆடித்தள்ளுபடி. அதைப் பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

[காட்சி: வாசலில் நெருப்பு. குச்சியில் செருகிய தேங்காய்கள்.]

எனக்கு ரொம்பப் பிடிச்சது சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து ஆடி ஒண்ணு. தேங்காய் சுடுற நாள். நார் போற வரைக்கும் தேங்காயைத் தரையில உரசுவாங்க. ஓடு வழவழன்னு ஆனதும் ஒரு கண்ணைத் திறந்து தண்ணியை வடிச்சு, உள்ள பொட்டுக்கடலை, எள்ளு, அவல், பச்சைப்பயறு, வெல்லம் போட்டு, வடிச்ச தண்ணியில கொஞ்சம் திரும்ப ஊத்துவாங்க. அழிஞ்சிக் குச்சியைச் சீவி அந்தக் கண்ணுல இறுக்கமாச் செருகினா, அதுவே மூடி, அதுவே கைப்பிடி. குச்சி முழுக்க மஞ்சள். நெருப்புல திருப்பித் திருப்பிக் காட்டணும். ஓடு கறுத்து வெடிப்பு விட்டு, வெல்லம் கசியுற வாசம் தெருவுக்கே வரும். பிள்ளையாருக்குப் படைச்சிட்டு உடைச்சா, உள்ள பூரணம் தேங்காயோட ஒட்டிக் கிடக்கும். பாரதப் போர் ஆடி ஒண்ணுல தொடங்கிப் பதினெட்டுல முடிஞ்சதாம். ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுச் சுட்டது இதுனு அந்த ஊர்க் கதை.

அம்மன் கோயில் கேழ்வரகுக் கூழ், யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் கூழ் ரெண்டுக்கும் தனி வீடியோவே போடலாம். இப்போதைக்கு ஒரு துணுக்கு மட்டும். ஜூலைத் தொடக்கத்துல பூமி சூரியனை விட்டுத் தள்ளி இருக்குறதால மெதுவா நகருது. அதனால ஆனியும் ஆடியும் 31, 32 நாள் வரைக்கும் நீளும். மார்கழி 29, 30-லயே முடிஞ்சிடும்.

[காட்சி: கங்கைகொண்ட சோழபுரம் விமானம், மாலை வெயில்.]

கடைசியா ஒருத்தர். இவர் பொறந்தது மார்கழித் திருவாதிரைனுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தாங்க. திருவாரூர்க் கல்வெட்டு ஆடித் திருவாதிரைனு சொல்லுது. கங்கைக் கரை வரைக்கும் படை அனுப்பி, கடல் தாண்டிக் கடாரத்தையும் பிடிச்ச ராஜேந்திர சோழன். ஆகாத மாசத்துல பொறந்தவர்.