'கான்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்க விண்டோஸ் ஏன் விடாது?

[திரையில்: விண்டோஸ் டெஸ்க்டாப். புது ஃபோல்டருக்குப் பெயராக சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தைத் தட்டி என்டர்.]

வணக்கம். நீங்களும் தட்டிப் பாருங்கள், விண்டோஸ் மறுத்துவிடும். 'இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், பில் கேட்ஸுக்கே காரணம் தெரியவில்லை' என்று ஒரு ஃபார்வர்டு மெயில் நம் ஊரில் ரொம்ப நாள் சுற்றியது. சுத்தக் கட்டுக்கதை. மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே இந்தப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது: கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9.

இதன் வேர் 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறது. கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு அங்கே கான் என்று பெயர். 1981-ல் வந்த எம்எஸ்-டாஸும் (விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்), கருவிகளையும் ஃபைல் போலவே பெயர் சொல்லி அழைக்கும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஒரு ஃபைலை அச்சடிக்க வேண்டுமா? பிஆர்என் என்ற 'ஃபைலுக்கு' காப்பி போடு, பிரிண்டர் ஓடும். அழகான யோசனைதான். ஆனால் முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. 1983-ல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது, பழைய புரோகிராம்கள் உடையக் கூடாதே என்று இந்தப் பெயர்களை எல்லா ஃபோல்டரிலும் செல்லுபடியாக்கினார்கள். பல புரோகிராம்கள் பெயருக்குப் பின்னால் தாங்களாகவே '.டிஎக்ஸ்டி' போன்ற எக்ஸ்டென்ஷன் ஒட்டும். அதனால் புள்ளிக்குப் பின்னால் எது வந்தாலும் கண்டுகொள்ளாமல், அதையும் கருவிப் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சலுகை ஒருமுறை நன்றாகவே கடித்தது. விண்டோஸ் 95, 98-ல் சி:\கான்\கான் என்ற முகவரியைத் திறந்தாலே மெஷின் விழுந்துவிடும். 2000-ல்தான் அதற்கு ஒட்டுப் போட்டார்கள்.

[திரையில்: கறுப்பு டெர்மினல். கிட் குளோன் ஓடுகிறது. கடைசியில் சிவப்பில் 'செல்லாத பாதை' என்ற பிழை.]

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் மூலநிரலை, கிட் என்ற கோடு பகிரும் கருவியால் விண்டோஸில் குளோன் செய்தால், அதாவது நகல் இறக்கினால், ஒரு ஃபைலில் முட்டி நிற்கும். நூவோ கிராஃபிக்ஸ் டிரைவருக்குள் இருக்கும் அதன் பெயர் ஆக்ஸ்.சி. எழுதியவர்மேல் தப்பே இல்லை. லினக்ஸுக்குப் பெயரில் ஆகாதவை சாய்கோடும் பூஜ்ய பைட்டும் மட்டும்தான்.

நம் பெங்களூரு டீம்களையே பாருங்கள். மாரத்தஹள்ளியில் ஒருவரிடம் ஆபீஸ் கொடுத்த விண்டோஸ், இந்திராநகரில் டிசைன் பார்ப்பவரிடம் மேக், சர்வர் எங்கோ லினக்ஸில். மேக்காரர் ஃபைண்டர் என்ற ஃபைல் ஜன்னலில் '5/3 மீட்டிங்' என்று பெயர் வைக்கிறார். ஃபைண்டரில் போடும் சாய்கோட்டை மேக் உள்ளே முக்காற்புள்ளியாக, அதாவது கோலனாகச் சேமிக்கும். விண்டோஸுக்குப் பெயரில் கோலன் ஆகாது, அதனால் அதை கிட்டில் ஏற்றினால் விண்டோஸ்காரருக்கு இறங்காது. "அண்ணா, ஃபைல் பேர்ல கோலன் போட்டீங்களா?" என்று தம்பி கேட்பான். "நான் கோலனே தட்டலையேப்பா" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டை எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு வருவோம்.

[திரையில்: பெரிய எழுத்தில் 'கோரமங்களா'. 'கோ' மட்டும் நிறம் மாறி, க, ே, ா என்று பிரிகிறது.]

'கோரமங்களா வாடகை' என்று ஒரு ஃபைல். கோ-வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். மேக்கின் பழைய வட்டு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்தே வைக்கும். லினக்ஸோ பைட்டை மட்டுமே பார்க்கும். சேர்ந்த 'கோரமங்களா' 27 பைட், பிரிந்தது 30 பைட். அதனால் பழைய மேக் வட்டிலிருந்து சர்வருக்கு வந்த ஃபைலை, அதே பெயரைத் தட்டித் தேடினாலும் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்றுதான் வரும். கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்! கொ, கோ, கௌ வரிசை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 2017-ல் மேக்குக்கு வந்த புது வட்டு அமைப்பான ஏபிஎஃப்எஸ், நாம் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனால் பழைய வட்டில் பிரிந்துபோன பெயர்கள் பிரிந்தபடியேதான் கிடக்கும்.

ஒட்டவைக்க லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டாக்கும் முறை) என்று சொல்லி, சேர்ந்த வடிவத்தைக் கேட்கும் என்எஃப்சி ஆப்ஷனைக் கொடுத்து ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றாது, எந்தப் பெயர் எப்படி மாறும் என்று மட்டும் காட்டும். ஒரே பெயர் இரண்டு வடிவத்திலும் அந்த ஃபோல்டரில் இருக்கிறதா என்று அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டு, அப்புறம் நோடெஸ்ட் ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.