உங்கள் குரல் திரும்பக் கேட்டால் பழுது யார் பக்கம்?

வணக்கம் நேயர்களே. ஆன்லைன் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேசியதே கொஞ்சம் தள்ளி உங்கள் காதில் திரும்ப விழுந்தால், உடனே என்ன செய்வீர்கள்? ஹெட்போனைக் கழற்றி மாட்டுவீர்கள், வைஃபையை அணைத்துப் போடுவீர்கள், அதற்கும் மசியாவிட்டால் மீட்டிங்கை விட்டு வெளியே போய்த் திரும்ப வருவீர்கள். எதுவும் பலிக்காது, ஏனென்றால் பெரும்பாலும் பழுது உங்கள் பக்கத்தில் இருப்பதே இல்லை. உங்கள் குரல் எதிர்முனையில் இருப்பவரின் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது, அவருடைய மைக்கில் நுழைகிறது, அங்கிருந்து உங்களுக்கே திரும்பி வருகிறது. அவருக்கோ எல்லாம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் "எனக்கு நல்லாத்தானே கேக்குது, உங்க லைன்தான் சரியில்ல" என்று சொல்லிவிடுவார்.

இன்றைய பேச்சில் இது ஒன்று மட்டும் உங்கள் மனதில் தங்கினால்கூட எனக்குச் சந்தோஷம். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவரிடம் தேடாதீர்கள், எதிர்முனையில் தேடுங்கள்.

கம்பெனிகளின் மீட்டிங் அறைகளில் மைக், ஸ்பீக்கர், கேமரா பொருத்திக் கொடுப்பது என் தொழில். புகார் வரும்போது முதலில் "சார், ஆடியோ சரியில்ல" என்பார்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் அது. கொஞ்சம் தோண்டிக் கேட்டால் "எக்கோ அடிக்குது" என்பார்கள். எக்கோ, ரிவர்ப், ஃபீட்பேக், லேட்டன்சி எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் போய்விடும். இது சொல்லாராய்ச்சி இல்லை, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். எக்கோ என்றால் ஒரு இடத்தில் கைவைக்க வேண்டும், ரிவர்ப் என்றால் வேறொரு இடத்தில். பெயர் மாறினால் தேடும் இடம் மாறிவிடும், தேவையில்லாத சாமானுக்குக் காசு போய்விடும்.

ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். புதுக் கட்டடத்தில் மீட்டிங் அறை கட்டியிருந்தார்கள். மூன்று பக்கம் கண்ணாடி, கீழே கிரானைட், நடுவில் நீளமான தேக்கு மேஜை. பார்க்க அவ்வளவு அழகு. ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருடன் அடிக்கடி கால் பேசுவார்கள். அந்த ஜெர்மன்காரர்கள் ஒவ்வொரு தடவையும் "எங்கள் குரல் எங்களுக்கே திரும்பி வருகிறது" என்று சொல்ல, இவர்கள் "அவங்க ஊர் லைன்ல பிரச்சினை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். இங்கே தெளிவாகக் கேட்கும்போது வேறு என்ன நினைப்பார்கள்? பிறகு வாடிக்கையாளர் கொஞ்சம் கடுமையாக எழுதியதும் இன்டர்நெட் லைனை மாற்றினார்கள். சரியாகவில்லை. விலை கூடின கேமரா ஒன்று வாங்கிப் போட்டார்கள். எதிரொலிக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் விற்க வந்தவர் "முழு செட்டையும் அப்கிரேட் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நான் போனபோது மேஜை நடுவில் ஸ்பைடர் போன் இருந்தது. மூன்று கால் வைத்து முக்கோணமாக இருக்குமே, அதுதான். பாலிகாம் கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது, இன்றைக்கும் மீட்டிங் அறை என்றால் பலருக்கு அதுதான் கண்ணில் நிற்கும். அதைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. அறையில் நின்று கையைத் தட்டினால் சத்தம் அடங்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. அது வேறு கோளாறு, அதற்குப் பிறகு வருகிறேன். அப்புறம் ஒரு டெஸ்ட் கால் போட்டு, எதிர்முனையில் என் ஆளைப் பேசச் சொல்லி, போனை ம்யூட் செய்தேன். ம்யூட் செய்தும் அவருக்கு எதிரொலி கேட்கிறது! மேஜை மேல் இருக்கிற மைக் மூடியிருக்கும்போது குரல் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது? மீட்டிங்கில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால், எங்களைத் தவிர இன்னொரு பெயரும் அதில் இருந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒரு அலமாரி, அதன் மேல் அடுக்கிவைத்த ஃபைல்களுக்குப் பின்னால் ஒரு லேப்டாப். மினிட்ஸ் எடுப்பதற்காக ஒருவர் அதே மீட்டிங்கில் அதையும் சேர்த்துவிடுவாராம், நிரந்தர லிங்க் என்பதால் அது தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கர் சத்தம் பூஜ்யத்தில். மைக் மட்டும் திறந்து கிடந்தது. அதை மூடினேன், எதிரொலி நின்றது. பைசா செலவில்லை.

ஒரே அறையில் ஒரே மீட்டிங்கில் இரண்டு கருவிகள் சேர்ந்தால் ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அந்த முக்கோண போனாகட்டும், உங்கள் லேப்டாப்பாகட்டும், செல்போனாகட்டும், எல்லாவற்றிலும் எக்கோ கேன்சலர் என்று ஒன்று இருக்கிறது. அது என்ன செய்யும்? தன் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இந்த அறையில் அந்தச் சத்தம் சுவரில் பட்டு, மேஜையில் பட்டு மைக்குக்குள் எப்படி வந்து சேரும் என்று கணக்குப் போட்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். மீதி இருப்பது உங்கள் குரல் மட்டும். யாராவது எழுந்து கதவைத் திறந்தால் கணக்கு மாறும், அது உடனே புதிதாகக் கற்றுக்கொள்ளும். அருமையான வேலை. ஆனால் அது தன் ஸ்பீக்கரில் வருவதை மட்டும்தான் அறியும். அந்த லேப்டாப் கதையில் லேப்டாப்பின் ஸ்பீக்கர் ஊமை, சத்தம் வந்தது போனிலிருந்து. லேப்டாப்பின் கேன்சலரைப் பொறுத்தவரை அது அறையில் யாரோ பேசுகிற குரல், அதனால் பத்திரமாக ஜெர்மனிக்கு அனுப்பிவைத்துவிட்டது.

இந்தக் கேன்சலருக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். மன்மோகன் சோந்தி. இந்தியாவில் பிறந்தவர், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தானாகக் கற்றுக்கொள்ளும் எக்கோ கேன்சலர் பற்றி 1967-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அஸ்திவாரங்களில் ஒன்று. அப்போது மீட்டிங் அறை யார் மனதிலும் பெரிதாக இல்லை, தொலைபேசிக் கம்பியில் எழும் எதிரொலிதான் தலைவலி. செயற்கைக்கோள் வழியாக அழைப்பு போகத் தொடங்கிய காலம். அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது, குரல் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி, எதிரொலியாகத் திரும்ப இன்னொரு கால் விநாடி. அரை விநாடி கழித்துத் தன் குரலே காதில் விழுந்தால் யாராலும் கோர்வையாகப் பேச முடியாது. வெளிநாட்டில் இருந்த மாமாவுடனோ அண்ணனுடனோ அந்தக் காலத்தில் ஐஎஸ்டி பேசியவர்களுக்கு இந்த அவஸ்தை ஞாபகம் இருக்கும்.

அதற்கு முன்னால் இருந்த வைத்தியம் முரட்டுத்தனமானது. ஒருவர் பேசும்போது மற்றவரின் பாதையை அறுத்துவிடுவது. எதிரொலி போகும், கூடவே குறுக்கே சொல்கிற "ஆமாம்", "இருங்க இருங்க" எல்லாம் போய்விடும். இதைத்தான் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்கிறோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினாலும் இரண்டும் கேட்டால் அது ஃபுல் டூப்ளெக்ஸ். கடையில் ஸ்பீக்கர்போன் வாங்கினால் டப்பாவில் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று போட்டிருக்கும், நம்பிவிடாதீர்கள். ஒரு நண்பருக்கு அதிலிருந்து கால் போட்டு, அவரை ஒன்றிலிருந்து இருபது வரை நிறுத்தாமல் எண்ணச் சொல்லுங்கள். அவர் எண்ணும்போது நீங்களும் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். ஐந்து, ஆறு கேட்டு, ஏழும் எட்டும் காணாமல் போய், ஒன்பது கேட்டால், டப்பாவில் எழுதியிருப்பது பொய். விலை குறைந்த பெட்டிகள் பல இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

சரி, கையைத் தட்டினேன் என்றேனே, அதற்கு வருவோம். அது எக்கோ இல்லை, ரிவர்ப். கண்ணாடியிலும் கிரானைட்டிலும் பட்டுத் தெறிக்கிற சத்தம் அடங்க நேரம் எடுக்கிறது, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. எதிர்முனையில் இருப்பவர் "என்ன சார், கிணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா" என்பார். கவனியுங்கள், இங்கேயும் தொல்லை ஒருவருக்கு, காரணம் இன்னொருவர் அறையில். கிணறு யாருக்குக் கேட்கிறதோ அவர் எதையும் மாற்றிப் பயனில்லை, பேசுகிறவரின் அறையைத்தான் கவனிக்க வேண்டும்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் வாலஸ் சேபின். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரை மண்டபம் கட்டி, அதில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. 1895-ல் இந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த ஒரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் போட்டு, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். இன்னும் சில மெத்தை, இன்னொரு அளவு. விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும். காலி மண்டபத்தில் ஐந்தரை விநாடி எடுத்தது, மெத்தை கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கோவை அறைக்கும் நான் கேட்டது அதுவேதான்: கனமான திரைச்சீலை, தரைக்குக் கார்பெட், ஒரு சுவருக்குத் துணி போர்த்திய பலகை. கேமராவுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதிகூட ஆகவில்லை.

இதோடு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தூரம் இரட்டிப்பானால் மைக்குக்கு நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறையும், ஆனால் அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். மேஜையின் கடைசி நாற்காலியில் இருந்து கத்துவதைவிட எழுந்து பக்கத்தில் வருவது மேல்.

ஃபீட்பேக் உங்களுக்கே தெரியும், கல்யாண மண்டபத்தில் மைக் "கூ" என்று கத்துமே, அது. உங்கள் மைக்கின் சத்தமே உங்கள் அறை ஸ்பீக்கரில் வந்து, திரும்ப அதே மைக்கில் நுழைந்து சுற்றிக்கொண்டே பெருகுவது. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நீட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது, போன் லைன், இன்டர்நெட் சம்பந்தப்பட்ட சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீட்டிங்குக்குச் சாதாரண போன் வழியாக டயல் செய்து சேர்ந்தால் நாரோபேண்ட், அதாவது குரலின் அதிர்வெண்களில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் பெரும்பாலும் கிடைக்கும். எஸ், எஃப் ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால்தான் ஈமெயில் முகவரியை போனில் சொல்ல "எஸ் ஃபார் சேலம்" என்று திணற வேண்டியிருக்கிறது. ஹெச்டி வாய்ஸ் என்றால் 7,000 வரை. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அழகாகக் கேட்டு, மீட்டிங்கில் சேர்ந்ததும் தரம் சட்டென்று விழுகிறது அல்லவா, மைக்கையும் திறக்கும்போது அது வேறொரு சிக்கன வழிக்கு மாறிக்கொள்கிறது. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் பல சமயம் தரம் திரும்பி வந்துவிடும்.

லேட்டன்சி என்றால் தாமதம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, 400-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, திரும்ப ஒன்றாக ஆரம்பித்தால் லேட்டன்சி. ஜிட்டர் வேறு, தாமதம் கூடிக் குறைந்து தாறுமாறாக வருவது. குரல் இழுத்து நீண்டோ ரோபோ மாதிரியோ கேட்டால் ஜிட்டரையோ, குரலின் துண்டுகள் வழியில் தொலைகிற பாக்கெட் லாஸையோ சந்தேகப்படுங்கள். அப்போது வைஃபையை விட்டுவிட்டு ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்.

இன்னும் சில சொற்களையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும். கொட்டேஷன் கேட்கும்போது மீட்டிங் வேண்டுமா, வெபினார் வேண்டுமா என்று சொல்லிக் கேளுங்கள். மீட்டிங்கில் எல்லோரும் பேசலாம், வெபினாரில் சிலர் பேச மற்றவர்கள் பார்க்கவும் கேட்கவும் மட்டும்தான். பெரும்பாலும் இரண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ், விலையும் வேறு. ம்யூட் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள், ஹெட்செட் வயரில் ஒன்று, திரையில் ஒன்று, இரண்டையும் எடுத்தால்தான் குரல் போகும். நேரம் முடிந்துவிட்டது, நேயர்களே. வணக்கம்.