பால்டிமோரின் பந்து வீசும் கைகள்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊரின் பேஸ்பால் அணிக்குப் பெயர் ஓரியோல்ஸ். பந்து வீசும் இளைஞர்களை வளர்த்து ஆளாக்க முடியாமல் அந்த அணி பல ஆண்டுகளாகப் பட்டுவரும் பாட்டைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பேஸ்பாலில் பந்து வீசுபவரைப் பிட்சர் என்பார்கள். கிரிக்கெட் பார்த்தே பழகிய நமக்கு அவருடைய வேலை முதலில் எளிதாகத் தெரியும். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவரின் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். நம் ஆடுகளத்தைவிட ஐந்தரை அடி குறைவு. பந்தும் சற்று இலேசு, 142 முதல் 149 கிராம் வரை. முழங்கையை மடக்கித் தாராளமாக எறியலாம். ஆனால் ஓடிவர முடியாது. மேட்டின் நடுவில் பதித்திருக்கும் 24 அங்குல ரப்பர் பலகையில் ஒரு காலை ஊன்றி, மறு காலை ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்து, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பந்தை அனுப்ப வேண்டும். ஓட்டத்தில் கிடைக்கும் வேகம் முழுவதையும் இங்கே இடுப்பும் முதுகும் தோளும் தர வேண்டியிருக்கிறது.

அந்த விசை கடைசியில் வந்து விழுவது முழங்கையின் உள்பக்கத்தில். மேல்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறிய தசைநார் ஒன்று அங்கே இருக்கிறது. அது அறுந்தால் மணிக்கட்டிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்துத் தைப்பார்கள். 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்த சிகிச்சை இது. இன்றும் அது டாமி ஜான் அறுவை என்றே வழங்குகிறது. மறுபடி மேட்டில் ஏற ஒரு வருடம், பலருக்கு ஒன்றரை வருடம் ஆகும். பால்டிமோரின் கதையில் இந்த அறுவை திரும்பத் திரும்ப வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும்: ரன் சராசரி. ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்குத் தன் கணக்கில் சேரும் எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதே அது. இங்கே மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ். மூன்றுக்குக் கீழே இருந்தால் அவர் பெரிய ஆள். ஐந்தைத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து.

ஒரு காலத்தில் பிட்சர்களுக்கே பெயர் பெற்ற ஊர் பால்டிமோர். சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில், 1966-இல், 20 வயது ஜிம் பாமர், அன்றைய பெரும் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸை எதிர்த்து வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். 1971-இல் பாமர், மெக்நாலி, க்வேயார், டாப்சன் ஆகிய நால்வரும் ஆளுக்குக் குறைந்தது 20 ஆட்டம் வென்றார்கள். பாமரும் மெக்நாலியும் அந்த அணியிலேயே வளர்ந்தவர்கள். கடைசியாக அப்படி வளர்ந்து பெரும்புகழ் பெற்றவர் மைக் முசீனா. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில் 1990-இல் எடுக்கப்பட்ட அவர், 2000-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். ஆறு வருடம் பெரிய லீக்கில் ஆடி முடித்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்பது விதி. நியூயார்க்கோடும் பாஸ்டனோடும் ஒரே பிரிவில் மோதும் நடுத்தர ஊர் பணத்தால் போட்டி போட முடியாது. எனவே வீட்டிலேயே வளர்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

1998 முதல் 2011 வரை, தொடர்ந்து 14 வருடம், வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அந்தக் காலத்தின் நடுவில், 2007-இல், ஆண்டி மெக்ஃபெயில் அணியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். வீசும் கைகளை வளர்ப்போம், அடிக்கும் மட்டைகளை விலைக்கு வாங்குவோம் என்பது அவருடைய கொள்கை. மேட்டஸ், டில்மன், அரியெட்டா, பிரிட்டன் என்று இளைஞர்கள் வரிசையாகத் தயாரானார்கள். ஊர் அவர்களைக் காப்பாற்ற வரும் குதிரைப்படை என்று அழைத்துக் காத்திருந்தது. கொள்கையில் நான் குறை காணமாட்டேன். திறமைக்கும் பஞ்சம் இல்லை. வந்தவர்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் கோளாறு.

ஜேக் அரியெட்டாவை எடுத்துக்கொள்வோம். மேட்டிலிருந்து பிளேட்டுக்கு ஒரு நேர்கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பிட்சரின் இடக்கால் அந்தக் கோட்டில் அல்லது அதன் அருகில் விழ வேண்டும் என்பது பாடம். அரியெட்டாவின் கால் கோட்டைத் தாண்டி மூன்றாம் பேஸ் பக்கமாக, அதாவது அவருடைய வலப்பக்கமாக, விழும். உடல் மூடியபடியே இருக்க, கை நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். வலக்கை மட்டைக்காரருக்குப் பந்து தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது போலத் தெரியும். அதனால் பயப்படுவார். ஆனால் இந்த முறையில் கட்டுப்பாடு சுலபத்தில் வராது. பந்து அங்கும் இங்கும் போகும்.

பால்டிமோர் பயிற்சியாளர்கள் கட்டுப்பாட்டை வேண்டி அவருடைய எட்டை நேராக்கப் பார்த்தார்கள். பார்வைக்கு நியாயமான திருத்தம்தான். ஆனால் பத்துப் பதினைந்து வருடமாகக் குறுக்கே வீசிப் பழகிய உடலில் கால் நேராக விழுந்தால், இடுப்பு முன்கூட்டியே திறந்துவிடும். கை பின்தங்கும். கையும் இடுப்பும் சேர்ந்து வராதபோது பந்து கீழே இறங்காது, மட்டைக்கு வாகாக இடுப்பு உயரத்தில் மிதக்கும். கட்டுப்பாட்டுக்காகச் செய்த திருத்தம் கட்டுப்பாட்டையே கெடுத்தது. நான்கு பருவங்களில் அவருடைய ரன் சராசரி 5.46.

2013 ஜூலையில் அவரையும் பெட்ரோ ஸ்ட்ராப்பையும் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்காட் ஃபெல்ட்மனையும் ஸ்டீவ் கிளெவெஞ்சரையும் வாங்கினார்கள். ஃபெல்ட்மன் அந்த அரைப் பருவம் வீசிவிட்டுக் கிளம்பிவிட்டார். சிகாகோவில் அரியெட்டாவைக் குறுக்கே வீச விட்டார்கள். 2014-இல் சராசரி 2.53. 2015-இல் 22 வெற்றி, 1.77, கூடவே பிட்சர்களுக்கான உயரிய சை யங் விருது. 2016 உலகத் தொடரில் இரண்டு வெற்றி. அதே கை, அதே ஆள்.

பிரையன் மேட்டஸின் கதை வேறு. 2008-இல் நான்காவதாக எடுக்கப்பட்ட இடக்கையர். வேகத்தைவிட நுணுக்கத்தை நம்பியவர். 2011 தொடக்கத்தில் விலாத் தசையில் காயம் பட்டது. ஜூனில் திரும்பியபோது அவருடைய வேகம் திரும்பியிருக்கவில்லை. நுணுக்கத்தால் பிழைப்பவருக்கு மணிக்கு மூன்று நான்கு மைல் குறைந்தால் என்ன ஆகும்? அவருடைய மெதுப்பந்துக்கும் வேகப்பந்துக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிவிடும். அடிப்பவர் ஏமாற மாட்டார். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 10.69. குறைந்தது 10 ஆட்டம் தொடங்கி வீசியவர்களில் வரலாற்றிலேயே மிக மோசமான எண் அது. அப்படி ஒரு இளைஞனை வேகம் திரும்பும்வரை கீழ் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். அவசரம் யாருடையது என்று பார்த்தால், அது அணியினுடையது.

இனி டிலன் பண்டி. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2011-இல் ஒக்லஹோமாவின் ஒவாசோ பள்ளியிலிருந்து நான்காவதாக எடுக்கப்பட்டவர் பண்டி. பள்ளியில் அவருடைய சிறந்த ஆயுதம் கட்டர். நான்கு தையல் வேகப்பந்துக்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலுக்குக் குறுக்கே நடுவில் வைப்பார்கள். அந்த இரண்டு விரலையும் நடுவிலிருந்து சற்றே ஓரமாக நகர்த்தி, நடுவிரலால் அழுத்தினால், வேகம் அதிகம் குறையாமல் பந்து கடைசி நேரத்தில் சில அங்குலம் விலகும். அதுவே கட்டர். அப்போது பொது மேலாளராக இருந்த டான் டுகெட், கட்டர் வீசினால் கை வலுவும் வேகமும் குறையும் என்று நம்பினார். பண்டியிடம் அதை வீச வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

கட்டர் இல்லாமலும் பையன் அசத்தினான். 2012-இல் டெல்மார்வா என்ற கீழ் லீக் அணியில் முதல் 30 இன்னிங்ஸில் 40 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினான். அவன் கணக்கில் சேரும் ரன் ஒன்றுகூட இல்லை. செப்டம்பரில், 19 வயதில், பெரிய லீக்கில் அறிமுகம். 2013 ஜூனில் டாமி ஜான் அறுவை. 2015-இல் தோள் பிரச்சினை. அந்த மூன்று வருடத்தில் அவர் வீசியது எழுபது இன்னிங்ஸ்கூட இல்லை.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பெரிய அணியின் 40 பேர் பட்டியலில் சேர்ந்த வீரரைப் பொதுவாக மூன்று பருவங்களில்தான் கீழ் லீக்குக்கு அனுப்பலாம். பிறகு அனுப்ப நினைத்தால், முதலில் மற்ற அணிகளுக்கு அவரை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். பண்டி கையெழுத்திட்ட நாளிலேயே பெரிய லீக் ஒப்பந்தம் பெற்றதால், அன்றே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டார். அனுமதிக்கப்பட்ட பருவங்களில் பெரும்பாலானவை அவர் காயத்தில் படுத்திருக்கும்போதே கழிந்துபோயின. 2016-இல் உடல் தேறியபோது, கீழ் லீக்கில் ஆற அமரக் கற்க வேண்டிய 23 வயது இளைஞர் பெரிய லீக்கிலேயே கற்க வேண்டியதாயிற்று.

அப்படியும் 2017-இல் ஸ்லைடர் என்னும் வேறொரு விலகும் பந்தைக் கையில் எடுத்து 13 ஆட்டம் வென்றார். 2018-இல் வேகம் இறங்கியிருந்தது. மே 8 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராக ஒருவரைக்கூட அவுட் ஆக்காமல் நான்கு ஹோம் ரன், அதாவது எல்லைச் சுவரைத் தாண்டும் அடி, கொடுத்தார். அந்தப் பருவத்தில் மொத்தம் 41 ஹோம் ரன், பெரிய லீக் முழுவதிலும் அதுவே அதிகம். 2019 டிசம்பரில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தார்கள். அடுத்த, சுருங்கிய பருவத்தில் அவருடைய சராசரி 3.29.

கெவின் காஸ்மனும் இந்த வரிசைதான். 2012-இல் நான்காவது ஆளாக எடுத்து, ஒரு வருடம் முடியும் முன்பே பெரிய லீக்கில் இறக்கி, பிறகு கீழ் லீக் அணி இருக்கும் நார்ஃபோக்குக்கும் பால்டிமோருக்கும் இடையே மேலும் கீழும் அலைய விட்டார்கள். ஒரு நாள் தொடக்கப் பிட்சர், மறுநாள் மாற்றுப் பிட்சர். இரண்டு விரலையும் அகல விரித்துப் பிடித்து வீசும் ஸ்பிளிட்டர் அவருடைய கைவந்த கலை. வேகப்பந்து போலக் கிளம்பி, பிளேட்டருகே பொத்தென்று இறங்கும். பின்னாளில் போய்ச் சேர்ந்த சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த ஸ்பிளிட்டரையும் வேகப்பந்தையும் மட்டுமே பெரிதும் நம்பி, 2021-இல் 14 ஆட்டம் வென்றார், சராசரி 2.81. தொடக்கப் பிட்சருக்கு மூன்று நான்கு வகைப் பந்து வேண்டும் என்பது பொதுவாகச் சரி. ஒரே மட்டைக்காரர் மூன்றாம் முறை வரும்போது காட்ட ஏதாவது புதிதாக வேண்டும் அல்லவா? ஆனால் இரண்டு பந்து அபாரமாக இருப்பவரிடம் சுமாரான மூன்றாவதைத் திணித்தால், அடிப்பவர் அந்த மூன்றாவதுக்காகக் காத்திருப்பார்.

2018 நவம்பரில் மைக் இலையஸ் பொது மேலாளராக வந்தார். அதிவேகக் கேமராக்கள், பந்தின் சுழற்சியை அளக்கும் கருவிகள் எல்லாம் வந்தன. ஒரு பிட்சரின் பந்து நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, எந்த அச்சில் சுற்றுகிறது என்று பார்த்து, அவருக்கு இயல்பாக எது வருமோ அதையே வளர்க்கும் முறை இது. அரியெட்டாவுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் இலையஸ் கொள்கையையே தலைகீழாக்கினார். 2019 முதல் 2025 வரை ஏழு தேர்வுகளிலும் முதல் ஆளாக எடுத்தது மட்டைக்காரரையே. உடையக்கூடிய கைகளில் பெரிய பணத்தைப் போட அவர் தயாராக இல்லை. 2022-இல் அணியின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸின் இடப்பக்கச் சுவரைப் பின்னுக்குத் தள்ளி, ஏழு அடியளவில் இருந்ததைப் பதின்மூன்றாக உயர்த்தியதும் பிட்சர்களைக் காக்கத்தான்.

பலன் கிடைத்தது. பண்டிக்குப் பதிலாக வந்த நால்வரில் ஒருவரான கைல் பிராடிஷ், 2023-இல் 2.83 சராசரியோடு சை யங் வாக்கெடுப்பில் நான்காவது இடம் பிடித்தார். அணி 101 ஆட்டம் வென்றது. 2024 ஜூனில் பிராடிஷ், ஜான் மீன்ஸ், டைலர் வெல்ஸ் மூவருக்கும் முழங்கை அறுவை. ஒரே மாதத்தில் மூன்று கைகள் போய்விட்டன, பின்னால் வரிசையில் நிற்க வளர்ந்த ஆள் இல்லை. 2025-இல் வயது முதிர்ந்தவர்களை வாடகைக்குப் பிடித்து ஒப்பேற்றினார்கள். 75 வெற்றி, 87 தோல்வி. முதல் தேர்வில் பிட்சரையே எடுக்காவிட்டால் காயத்திலிருந்து தப்பிவிடலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காயம் எப்படியும் வரும். ஐந்து கை வேண்டுமென்றால் பத்துக் கையை வளர்க்க வேண்டும்.

முந்தைய நிர்வாகம் 2018-இல் எடுத்துவைத்த கிரேசன் ராட்ரிகெஸை இவர்கள் கையாண்ட விதத்தில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. 2023 ஏப்ரலில் அறிமுகமாகி 10 ஆட்டத்தில் சராசரி 7.35 ஆனதும் தயங்காமல் நார்ஃபோக்குக்கு அனுப்பினார்கள். ஜூலையில் திரும்பியவர் பருவம் முடியும்வரை 2.58. பண்டிக்கு விதி மறுத்த வழி இது. ஆனால் காயத்தால் 2022-இல் 75 இன்னிங்ஸ் அளவில் நின்ற கை, 2023-இல் பெரிய லீக்கும் கீழ் லீக்கும் சேர்த்து 160-ஐத் தாண்டியது. வருடத்துக்கு 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டாமல் இருப்பது பல அணிகளின் வழக்கம். அந்த வரம்பு காயத்தைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் இரட்டிப்பாக்குவது எனக்கு அச்சம் தருகிறது. அக்குளுக்குக் கீழே முதுகோரமாக ஓடும் பெரிய தசை 2022-இல் அவருக்கு இழுத்துக்கொண்டது. 2024-இல் அதே இடம், 2025-இல் மீண்டும் அதே இடம். அந்தப் பருவம் முழுவதும் பெரிய லீக்கில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

2025 நவம்பரில் ராட்ரிகெஸைக் கொடுத்துவிட்டு டெய்லர் வார்ட் என்ற மட்டைக்காரரை வாங்கினார்கள். கொடுத்தது, பண்டி போன அதே ஏஞ்சல்ஸ் அணிக்கு. பண்டி போனபோது வயது 27. ராட்ரிகெஸுக்கு 26.

நன்றி, வணக்கம்.