டிஸ்க் பேக்கப்: ஆர்.எஃப். எத்தனை வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. டிவிடி, புளூ-ரே பேக்கப் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "ஆர்.எஃப். எத்தனை வைக்கட்டும்?" என்பதுதான். வீடியோவைச் சுருக்கும்போது எவ்வளவு தரம் வேண்டும் என்று நாம் சொல்லும் எண்தான் ஆர்.எஃப். எல்லா டிஸ்க்குக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. உங்கள் கையில் இருக்கும் டிஸ்க்குக்கு எது சரி என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. அதைத்தான் இன்று செய்து காட்டப் போகிறேன்.

திரையில், வீடியோவைச் சுருக்கும் மென்பொருளான ஹேண்ட்பிரேக் திறந்திருக்கிறது. வீடியோ டேபில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று ஒரு ஸ்லைடர் தெரிகிறதா? அதில் இருக்கும் எண்தான் ஆர்.எஃப். இங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். எக்ஸ்264 என்ற என்கோடரில், அதாவது வீடியோவைச் சுருக்கும் நிரலில், 6 எண் இறக்கினால் கோப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 14-க்கு இழுத்துவிடாதீர்கள்.

பக்கத்திலேயே 'ஆவரேஜ் பிட்ரேட்' (நொடிக்குச் சராசரியாக எத்தனை பிட் என்ற அளவு) என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு படத்தை 700 எம்பி சிடியில் அடைக்க வேண்டியிருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. அதில் அளவை நாம் முடிவு செய்கிறோம், தரம் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். இன்று ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறவர்களுக்கு அது வேண்டாம். தரத்தை நாம் பிடித்துக்கொள்வோம், அளவு படத்துக்குப் படம் மாறட்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்லும் வரம்பு டிவிடிக்கு 18 முதல் 22, 1080பி புளூ-ரேக்கு 20 முதல் 24, 4கே-க்கு 22 முதல் 28. டிவிடிக்கு ஏன் இத்தனை கறார் என்றால், அதில் இருப்பதே 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகள்தான். அதைப் பெரிய டிவியில் இழுத்துக் காட்டும்போது ஒவ்வொரு குறையும் சேர்ந்தே பெரிதாகும். 4கே-யில் புள்ளிகள் பொடியானவை, சின்னக் குறை கண்ணில் படாது.

இப்போது சோதனை. படம் முழுவதையும் மாற்ற வேண்டாம். படத்திலேயே கஷ்டமான இரண்டு நிமிடத்தைத் தேடுங்கள். கொட்டும் மழை, தீ, புகை, அலையடிக்கும் தண்ணீர், கூட்டம் நடுவே கேமரா வேகமாகத் திரும்பும் இடம். கூடவே ஒரு இருட்டுக் காட்சியும் கட்டாயம் வேண்டும். 'ரேஞ்ச்' என்பதில் 'செகண்ட்ஸ்' தேர்ந்தெடுத்து அந்தப் பகுதியை மட்டும் 22, 20, 18 என்று மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, 22-ல் எடுத்ததைப் பாருங்கள். விளக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கவனியுங்கள். வெளிச்சம் மெல்ல மங்கி இருட்டோடு கலக்க வேண்டும். இங்கே படிப்படியாக, வரைபடத்தின் கோடுகள் போல வளையம் வளையமாக நிற்கிறது. மழைக் காட்சி இதே எண்ணில் நன்றாக வந்துவிட்டது, சுவர்தான் காட்டிக்கொடுக்கிறது. இப்படி வளையம் தெரிந்தால், எண்ணை இறக்குவதற்கு முன் எச்.265 10-பிட் என்பதை முயன்று பாருங்கள். எக்ஸ்265 என்கோடர் செய்யும் இந்த முறை வண்ணப் படிகளை இன்னும் நுணுக்கமாகப் பதியும். டிஸ்க்கில் இருப்பது 8-பிட் என்றாலும் இது உதவும். ஆனால் எக்ஸ்264-ன் எண்ணும் எக்ஸ்265-ன் எண்ணும் ஒன்றல்ல. முதலாவதன் இயல்பு எண் 23, இரண்டாவதன் இயல்பு எண் 28. கோடெக்கை (சுருக்கும் முறையை) மாற்றினால் சோதனையையும் புதிதாகத் தொடங்குங்கள்.

படத்தை நிறுத்தி, பெரிதாக்கி ஒப்பிடாதீர்கள். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே தரம் கொடுக்கப்படுவதில்லை, நீங்கள் நிறுத்திய ஃபிரேம் மோசமானதாகவே இருக்கலாம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அறையை இருட்டாக்கி, இருப்பதிலேயே பெரிய திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா, பெரிய எண்ணே போதும்.

அப்புறம் கிரெய்ன். பிலிமில் எடுத்த பழைய படங்களில் பொடி மணல் தூவியது போல ஒரு அசைவு இருக்கும். அதே 20-ல் அந்தப் படத்தின் கோப்பு மட்டும் பயங்கரமாக வீங்கும். சிலர் உடனே டீநாய்ஸ் போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. மணலோடு சேர்ந்து முகத்தின் தோலும் துணியின் நெசவும் போய்விடும், மெழுகுப் பொம்மைதான் மிஞ்சும். கோப்பு மூலத்தின் அளவையே தொடுகிறது என்றால் சுருக்கவே சுருக்காதீர்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் அப்படியே எம்கேவி கோப்பாக எடுத்து வையுங்கள், ஒரு பிட்கூடத் தரம் குறையாது. மிகவும் பிடித்த புளூ-ரேக்களை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 25, 40 ஜிபி ஆனாலும் பரவாயில்லை.

வீட்டு விசேஷங்களைப் பதிவு செய்த டிவிடிகளில் பெரும்பாலும் இன்டர்லேஸ் (ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளை மாற்றி மாற்றிப் பதியும் முறை) இருக்கும். யாராவது கையசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அதை டீஇன்டர்லேஸ் செய்துவிட்டுத்தான் ஆர்.எஃப். பக்கம் வர வேண்டும், அந்தக் கோடுகளே நிறைய பிட்டுகளைத் தின்றுவிடும்.

வேகத்துக்கு 'ஸ்லோ' பிரிசெட் போதும். கிராபிக்ஸ் கார்டு என்கோடர் சீக்கிரம் முடித்துவிடும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாக வரும். ஒருமுறை செய்து வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளப் போகிற வேலைக்கு இரவு முழுக்க சிபியூ ஓடினால்தான் என்ன? ஆடியோவைத் தொடவே வேண்டாம், 'பாஸ்த்ரூ' (அப்படியே நகலெடுப்பது) வையுங்கள். டிவிடியின் டால்பி ஆடியோ அதிகபட்சம் 448 கேபிபிஎஸ்தான், அதைச் சுருக்கிப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

சப்டைட்டிலில் சொல்ல நிறைய இருக்கிறது, அதை அடுத்த வீடியோவில் தனியாகப் பார்க்கலாம்.